ஆண்டுக்கு அடியில் ஓர் ஆண்டு

பாட்டியின் சுருக்குப் பையில், பூஜை அறை உண்டியலில், பீரோவின் லாக்கரில் மஞ்சள் துணி முடிச்சுக்குள் என்று விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றாவது இருக்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு. எடுத்து ஆண்டைப் பாருங்கள். 1862 என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பக்கத்து வீட்டிலும் 1862 இருக்கும், சம்பந்தி வீட்டிலும் 1862 இருக்கும். அந்த ஒரே வருஷத்தில் மட்டும் அப்படிக் காசு அடித்துத் தள்ளினார்களா? இல்லை. 1874 வரைக்கும் அந்த எண்ணை மாற்றாமலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். பம்பாய் நாணயச்சாலைக்காரர்கள் மட்டும் ஆண்டெண்ணின் கீழேயும் பின்புறத்தில் இன்னோர் இடத்திலும் கடுகளவு புள்ளிகளை வைத்தார்கள். அந்தப் புள்ளிகளை எண்ணி உண்மையான ஆண்டைக் கண்டுபிடிக்கும் கணக்கு ஒன்றைச் சேகரிப்பாளர்கள் பின்னால் போட்டுவைத்தார்கள்.

ஆக, காசில் எழுதியிருக்கும் ஆண்டு எப்போதும் உண்மை சொல்வதில்லை. சில காசுகள் பொய் சொல்லும். சில காசுகள் ஒரே இடத்தில் இரண்டு ஆண்டுகளைச் சொல்லும். இந்த இரண்டாவது வகைதான் எனக்குப் பிரியமானது.

இரண்டு ஆண்டுகள் எப்படி ஒரே இடத்தில் வரும்? பாத்திரக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர் அவசரத்தில் ‘க’வுக்குப் பதில் ‘த’ வெட்டிவிட்டார். பாத்திரத்தைத் தூக்கியா எறிவார்? கொஞ்சம் தேய்த்துவிட்டு அதே இடத்தில் அழுத்தி ‘க’ வெட்டிக் கொடுத்துவிடுவார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பழைய ‘த’வின் வால் அடியில் தெரியும். காசிலும் நடந்தது இதேதான். ஒரு வித்தியாசம்: பாத்திரத்தில் பிழை ஒன்றோடு போகும். காசு அடிக்கும் அச்சில் பிழை விழுந்தால், அந்த அச்சு உடையும்வரை ஆயிரக்கணக்கில் குட்டி போடும்.

அச்சு என்ற சொல்லே நமக்குப் பழக்கமானதுதான். சோழர் காலத்தின் கடைசியிலும் அதற்குப் பிறகும் வந்த கல்வெட்டுகளில் ‘அச்சு’ என்பது காசுக்கே பெயர். கொங்கு நாட்டில் ‘ஆனை அச்சு’ புழங்கியது. அடிக்கும் கருவியின் பெயர் அடிபட்ட பொருளுக்கு ஒட்டிக்கொண்டது. இந்த அச்சு கிளம்பிய இடத்துக்குப் போக வேண்டுமென்றால் இன்னும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னால் நடக்க வேண்டும்.

கி.மு. ஏழாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியிலிருந்த லிடியாவில், பொன்னும் வெள்ளியும் இயற்கையாகக் கலந்த உலோகத் துண்டுகளை அச்சில் வைத்து அடித்தார்கள். கீழே பட்டடையில் பதித்த அச்சு ஒன்று, மேலே கையில் பிடிக்கும் முளை ஒன்று, நடுவே உலோகம், மேலே சுத்தியல். இதற்குச் சற்றுப் பின்னால் வட இந்தியாவில் வேறொரு வழி பிறந்தது. வெள்ளித் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, எடை சரி பார்த்து, சூரியன், மலை, விலங்கு என்று ஒவ்வொரு சின்னத்தையும் தனித்தனி முத்திரையால் ஒன்றன்பின் ஒன்றாகக் குத்தினார்கள். அதனால்தான் அவற்றுக்கு முத்திரைக் காசுகள் என்று பெயர். மகத நாட்டுக் காசில் ஐந்து குத்துகள். ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், பாதி முத்திரை விளிம்புக்கு வெளியே போயிருக்கும். மறு குத்து என்கிற நம் கதையின் முதல் அத்தியாயம் அங்கேயே இருக்கிறது. போடிநாயக்கனூரில் கிடைத்த இவ்வகை வெள்ளிக் காசுகளின் பின்புறத்தில் மீன் சின்னம் இருப்பதால் அவை பாண்டியர் காசுகள் என்று கொள்ளப்படுகின்றன. வடக்கே பிறந்த வழக்கம், தெற்கே வந்ததும் மீன் குத்திக்கொண்டது.

காசைப் புரட்டிப் பார்த்து மாற்றுச் சொல்கிறவருக்குச் சங்க காலத்தில் வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர் பட்டியலிலேயே வண்ணக்கன் பேரிசாத்தனார் போன்ற பெயர்கள் இருக்கின்றன. பகலில் காசு பார்த்தவர்கள் மாலையில் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். லென்ஸும் கையுமாக இன்று உட்கார்ந்திருக்கும் சேகரிப்பாளருக்கு இதைவிடப் பெருமையான முன்னோர் வேண்டுமா என்ன?

அந்த வண்ணக்கர்களின் கைக்கு ரோமாபுரிப் பொற்காசும் வந்தது. மிளகுக்கும் முத்துக்கும் பச்சை நிறப் பெரில் கற்களுக்கும் விலையாகக் கப்பலேறி வந்த காசு. 1898ல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரு புதையல் கிடைத்தது: 501 ரோமப் பொற்காசுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. காசாக இனிச் செல்லாது, பொன்னாக மட்டும் நிறுத்துக்கொள் என்பதற்கான அடையாளம் அது என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். கையால் செதுக்கிய அச்சு என்பதால் ஒரே பேரரசரின் ஒரே வகைக் காசிலும் மூக்கு, காது, எழுத்தின் இடைவெளி எல்லாம் அச்சுக்கு அச்சு மாறும். இரண்டு காசுகள் ஒரே அச்சில் பிறந்தவையா என்று பார்க்கும் கலை இந்த வேற்றுமையில்தான் நிற்கிறது. நம் ஊர்க் கம்மியர்கள் ரோமக் காசைப் பார்த்து நகலும் அடித்தார்கள். முகம் ஓரளவு வந்துவிட்டது. லத்தீன் எழுத்துதான் படாத பாடு பட்டது. வாசிக்கத் தெரியாதவர் வரைந்த கோலம் போல வெறும் கோடும் வளையமுமாகச் சுற்றி ஓடுகிறது. அவற்றில் பலவற்றுக்கு இரண்டு துளைகள் வேறு. கழுத்தில் கோத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரை காசில் ஆண்டு இல்லை. ஆண்டைப் போடும் வழக்கம் மேற்கு ஆசியக் கிரேக்க அரசுகளில் தொடங்கி இங்கும் வந்தது. குஜராத்தையும் மாளவத்தையும் ஆண்ட மேற்கு க்ஷத்திரபர்கள் இரண்டாம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் தங்கள் சின்ன வெள்ளிக் காசில், அரசன் தலைக்குப் பின்னால், சக ஆண்டைப் பிராமி எண்களில் போட ஆரம்பித்தார்கள். சுண்டைக்காய் அளவுக் காசு. அச்சோ அதைவிடப் பெரியது. அதனால் நூறு இருக்கும், பத்து இருக்கும், ஒன்றின் இடம் விளிம்பில் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அவர்களை வென்ற குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தன் என்ன செய்தான்? அந்தக் காசை அப்படியே நகலெடுத்து, தன் ஆண்டுக் கணக்கைப் போட்டுக்கொண்டான். மக்கள் கைக்குப் பழகிய காசை மாற்றுவது போரில் வெல்வதைவிடக் கஷ்டம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஐரோப்பா இதில் ரொம்பத் தாமதம். டென்மார்க்கின் ரோஸ்கில்டேயில் அடித்த ஒரு வெள்ளிக் காசில் 1234 என்ற ஆண்டு ரோமன் எழுத்துகளில் வருகிறது. கிறிஸ்து ஆண்டு போட்ட முதல் ஐரோப்பியக் காசு அதுதான். இந்தியாவில் பிறந்து அரேபியர் வழியாக மேற்கே போன நம் எண்கள் கிறிஸ்து ஆண்டைச் சொல்ல ஐரோப்பியக் காசில் ஏறியது 1424ல், சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரில். இங்கிலாந்து 1548ல்தான் ஆண்டு போட்டது. அதுவும் ரோமன் எழுத்தில், படிப்பதற்குள் காசு செலவாகிவிடும் நீளத்துக்கு. 1551ல் அவர்களும் நம் எண்களுக்கு மாறினார்கள்.

இப்போது நம் கதாநாயகன் மேடைக்கு வருகிறான். அவன் பெயர் பஞ்ச். பட்டறைகளில் நம்பர் பஞ்ச் என்று சொல்வோமே, அதேதான். முழு அச்சையும் கையால் செதுக்க நேரமாகிறது என்று ராஜா தலைக்கு ஒரு பஞ்ச், கிரீடத்துக்கு ஒன்று, ஒவ்வோர் எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒன்று என்று செய்துவைத்துக்கொண்டார்கள். மென்மையாக இருக்கும் எஃகுக் கட்டையில் அவற்றைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் அச்சு தயார். பிறகு பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி இறுக்கிவிட வேண்டும். கேட்பதற்குச் சுலபம். அச்சில் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித்தான் இருக்க வேண்டும். வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போக வேண்டும். பஞ்ச் ஒருமுறை குதித்தால் எண் இரட்டையாக விழும். கை சற்றுச் சாய்ந்தால் சாய்வாக விழும். எண்ணே மாறிப் போனாலும் எஃகைத் தூக்கிப் போட மனசு வராது, ஏனென்றால் நல்ல எஃகின் விலை அப்படி. தேய்த்துச் சரிசெய்து மேலேயே இன்னோர் அடி.

ஆண்டு மாறும்போதும் இதே சிக்கனம்தான். டிசம்பரில் செய்துவைத்த அச்சு உபயோகிக்காமலே மிஞ்சிவிட்டால், அதைத் திரும்பக் காய்ச்சி மென்மையாக்கி, கடைசி எண்ணின் மேல் புது எண்ணை அடித்துவிடுவார்கள். 1807ன் 7க்குள் ஒரு 6 எட்டிப் பார்ப்பது இப்படித்தான். சேகரிப்பாளர்கள் இதை ஓவர்டேட் என்பார்கள். அதே எண்ணையே இரண்டு முறை அடித்திருந்தால் ரீபஞ்ச்.

1696ல் இங்கிலாந்து தன் பழைய வெள்ளிக் காசு முழுவதையும் உருக்கிப் புதிதாக அடிக்கத் துணிந்தது. ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி வெள்ளி திருடும் கூட்டம் காசைக் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கொண்டுவந்திருந்தது. லண்டன் கோபுர நாணயச்சாலைக்குக் கண்காணிப்பாளராக வந்தவர் ஐசக் நியூட்டன். வேலை தாங்காமல் பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிட்டர், நார்விச், யார்க் ஆகிய ஐந்து ஊர்களில் தற்காலிகக் கிளைகள் திறந்தார்கள். அரசர் மார்புக்குக் கீழே ஊரின் முதலெழுத்து. செஸ்டரில் அதிகாரியாக உட்கார்ந்தவர் எட்மண்ட் ஹாலி, ஆமாம், வால் நட்சத்திரக்காரர்தான். இவ்வளவு பெரிய மூளைகள் மேலே இருந்தும் கீழே சுத்தியல் பிடித்தவனுக்கு அவசரம். A பஞ்ச் கைக்கு வராதபோது V பஞ்சைத் தலைகீழாக அடித்துவிட்டுப் போயிருக்கிறான்; நடுக்கோடு இல்லாத A போட்ட மூன்றாம் வில்லியம் காசுகள் இன்றும் கிடைக்கின்றன. புவியீர்ப்பு விதி எழுதியவர் பார்வையில் தப்பிய A அது. நியூட்டன் கள்ளக் காசுக்காரர்களை மட்டும் தப்பவிடவில்லை. வில்லியம் சலோனர் என்ற பெரிய புள்ளியை வேவு பார்த்துப் பிடித்து, 1699ல் தூக்குமேடைக்கு அனுப்பினார்.

இங்கே மதராசுக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனி 1640லேயே புனித ஜார்ஜ் கோட்டையில் காசு அடிக்கத் தொடங்கிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் ரூபாயை அடிக்கும் உரிமையும் கிடைத்தது. கம்பெனிக்கு அடித்தது ஆங்கிலேயர், புதுச்சேரியில் அதே ஆற்காட்டு ரூபாயைப் பிறை அடையாளத்தோடு அடித்தது பிரெஞ்சுக்காரர். கடலிலும் கரையிலும் சண்டை போட்டுக்கொண்ட இருவரும் ஒரே நவாபின் காசைப் போட்டி போட்டுக்கொண்டு நகலெடுத்தார்கள்.

அப்போது சராபுக் கடைகளில் ‘வட்டம்’ என்றொரு வழக்கம் இருந்தது. இந்த வருஷத்து ரூபாய்க்கு முழு மதிப்பு. போன வருஷத்து ரூபாய்க்குக் கொஞ்சம் வட்டம் பிடிப்பார்கள். அதற்கும் முந்தியது என்றால் இன்னும் அதிகம். தேய்மானம் என்று சொல்லிக்கொள்வார்கள், ஆனால் பார்ப்பது தேய்மானத்தை அல்ல, ஆண்டெண்ணை. விவசாயி கொண்டுபோன காசு கடைப் படியேறுவதற்குள் இளைத்துவிடும். கம்பெனி இதற்குக் கண்டுபிடித்த மருந்து வேடிக்கையானது: ஆண்டையே நிறுத்திவிடுவது. வங்காளத்தில் 1793 முதல் இரண்டாம் ஷா ஆலத்தின் 19ஆம் ஆட்சியாண்டு என்று ஒரே எண். மதராஸின் ஆற்காட்டு ரூபாயில் ஹிஜ்ரி 1172, இரண்டாம் ஆலம்கீரின் 6ஆம் ஆட்சியாண்டு. அந்த ஆலம்கீர் 1759ல் கொலையுண்டவர். அவர் பெயரிலும் ஆண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் மதராசில் காசு விழுந்துகொண்டிருந்தது. பாட்டியின் 1862 ரூபாய் இந்தப் பரம்பரையின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று. ஆண்டு நின்றுவிட்டபோது, அச்சுகளைப் பிரித்தறிய வேறு வழிகள் பிறந்தன. 1840 என்று பொறித்த ரூபாய்களில் மாலையிலுள்ள பழங்களை எண்ணுகிறார்களே சேகரிப்பாளர்கள், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வேறு அச்சு என்று, அது இதனால்தான்.

1807 வாக்கில் மதராசில் கோபுரம் போட்ட அரை வராகன் வெள்ளிக் காசு வந்தது. ஒரு பக்கம் கோயில் கோபுரமும் சுற்றிலும் நட்சத்திரங்களும், மறுபக்கம் பெருமாள். தமிழும் தெலுங்கும் உண்டு. வெள்ளிக்கு எங்கே போவது? ஸ்பானிய டாலர்களை எடுத்து அவற்றின் மேலேயே அடித்தார்கள். அழுத்தம் போதாத காசுகளில் பெருமாளுக்குப் பின்னால் ஸ்பானிய ராஜாவின் தலைமுடியோ லத்தீன் எழுத்தோ ஆவி போல நிற்கும். மெக்சிகோ சுரங்கத்து வெள்ளி, மதராசில் கோபுரமான கதை. இந்தக் காசிலும் நட்சத்திரங்களை எண்ணித்தான் ரகம் பிரிக்கிறார்கள்.

செப்புக் காசின் கதை கடலுக்கடியில் போய் முடிந்தது. பர்மிங்காம் அருகே சோஹோவில் மாத்யூ போல்டன் 1788ல் நீராவியால் இயங்கும் காசு அச்சு எந்திரங்களை நிறுவியிருந்தார். மதராசுக்கென்று பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை அங்கே அடித்துப் பீப்பாய்களில் அடைத்து ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பலில் ஏற்றினார்கள். 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே, குட்வின் மணல்திட்டில் மோதிக் கப்பல் மூழ்கியது. 1980களில் அதைத் தோண்டியபோது லட்சக்கணக்கில் 1808 ஆண்டுக் காசுகள் வந்தன. மெரினாவில் சுண்டல் வாங்கியிருக்க வேண்டிய அந்தக் காசுகள் இன்று உலகம் முழுவதும் சேகரிப்பாளர்களின் பெட்டியில் இருக்கின்றன. வந்து சேர்ந்திருந்தால் தேய்ந்து போயிருக்கும், கடல் காப்பாற்றியது.

மதராஸ் நாணயச்சாலை 1869ல் மூடப்பட்டது. அது இருந்த தெருவுக்குத் தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் நின்றது. அந்த வளாகத்துக்கு அரசு அச்சகம் வந்தது. காசு அச்சு போய்க் காகித அச்சு; தமிழில் சொல்லும்போது பெரிய மாற்றம் எதுவும் நடந்ததாகவே தோன்றாது.

ஆண்டு நின்றுபோன காசுகளுக்கெல்லாம் ராணி ஒருத்தி உண்டு. ஆஸ்திரியாவின் மரியா தெரேசா 1780ல் இறந்தார். அவர் தலை போட்ட வெள்ளித் தாலர் செங்கடல் கரைகளில் காபி வியாபாரிகளிடம் அவ்வளவு நம்பிக்கை பெற்றிருந்ததால், 1780 என்ற ஆண்டோடு அடித்துக்கொண்டே போனார்கள். வியன்னா, லண்டன், பாரிஸ், ரோம் என்று அடித்தார்கள். 1940–41ல் நம் பம்பாயிலும் அடித்தார்கள். அரபு வியாபாரி ஆண்டைப் பார்க்க மாட்டார். ராணியின் கிரீடப் பட்டையில் முத்து ஒன்பது இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். எந்த ஊரில் அடித்தது என்று இன்று அறிய, மார்பிலுள்ள ஊசியின் வடிவையும் கழுகின் வால் இறகுகளையும் பார்க்கிறார்கள்.

அச்சு வேறுபாட்டைப் பார்ப்பது ஒரு முழுநேரப் பித்தாக மாறியது அமெரிக்காவில். காரணம் எளிது: புது நாடு, பழைய காசு அதிகம் இல்லை. ரோமக் காசைப் போல ஆயிரம் வகை சேர்க்க முடியாது, ஆகவே ஒரே காசில் ஆயிரம் வகை தேடினார்கள். 1794ஆம் ஆண்டின் செப்பு சென்ட் ஒன்றில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அச்சு ஜோடிகள் உண்டு. பிலடெல்பியா மருத்துவர் எட்வர்ட் மாரிஸ் 1869ல் அவற்றைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்: இரட்டைத் தாடை, தழும்புத் தலை, காதல் முகம். சுதந்திர தேவியின் முகங்களை நோயாளிகளைப் போலவே பரிசோதித்திருக்கிறார். அதே 1794 சென்ட்டின் இன்னோர் அச்சில், விளிம்பைச் சுற்றி 94 குட்டி நட்சத்திரங்கள். ஏன் என்று எவருக்கும் இன்றுவரை தெரியாது.

அமெரிக்கப் பஞ்ச் வேலைக்காரர்களின் கைவண்ணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1840களில் நான்கு எண்களும் ஒன்றாக இருக்கும் பஞ்ச் வந்தது. ஒரே அடியில் ஆண்டு முழுவதும் விழும். பிழை குறையும் என்று நினைத்தார்கள். ஆனால் 1844 சென்ட்டில் ஒருவர் அந்தப் பஞ்சையே தலைகீழாகப் பிடித்து அடித்துவிட்டுப் பிறகு நேராக அடித்திருக்கிறார். 44க்கு அடியில் கவிழ்ந்த 81 கிடக்கிறது. 1846 அரை டாலரில் 6ன் கீழே படுத்துக்கிடக்கும் இன்னொரு 6. காலையில் முதல் வேலையாக அடித்தாரா, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகா என்று யோசிக்கத் தோன்றுகிறது. 1873ல் சிக்கல் வேறு மாதிரி: தலைமை நாணய அடிப்பாளர் லௌடன் ஸ்னோடன், 3ன் இரண்டு முனைகளும் நெருங்கிவந்து 8 போலத் தெரிகிறது என்று ஜனவரியிலேயே புகார் எழுதினார். புதுப் பஞ்ச் செய்தார்கள். அதனால் அந்த ஆண்டுக் காசுகளில் மூடிய 3, திறந்த 3 என்று இரண்டு சாதி.

நெவாடாவின் கார்சன் சிட்டி நாணயச்சாலை 1893ல் காசு அடிப்பதை நிறுத்தியபோது CC என்ற அடையாளமிட்ட டாலர் அச்சுகள் மிஞ்சின. எஃகுச் சிக்கனம் மறுபடி தலைநீட்டியது. அவற்றைச் சுரண்டி, மேலே O அடித்து நியூ ஆர்லியன்சுக்கு அனுப்பினார்கள். 1900ஆம் ஆண்டு டாலரில் O எழுத்தின் அடியில் CC தெரிந்தால், அது மூடிப்போன பட்டறையின் மிச்சம். இந்த டாலர்களின் அச்சுகளை எல்லாம் 1971ல் வான் ஆலன், மாலிஸ் என்ற இருவர் தொகுத்தார்கள். அவர்கள் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அச்சு ரகத்துக்கே ‘வாம்’ என்று பெயராகிவிட்டது.

இந்தத் துறையில் புனிதர் மட்டுமே இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. காசின் நிலையை 1 முதல் 70 வரை மதிப்பிடும் அளவுகோலைத் தந்த வில்லியம் ஷெல்டன் சென்ட் அச்சுகளுக்கு 1949ல் நூல் எழுதியவர். அவர் மறைந்த பிறகு, அமெரிக்க நாணயவியல் கழகத்தின் நல்ல சென்ட்களை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை வைத்துவிட்டது தெரியவந்தது. காட்டிக்கொடுத்தவை பழைய புகைப்படங்கள். ஜெர்மன் நகலாளர் கார்ல் பெக்கர் கதை இன்னும் சுவாரசியம். அசல் பழங்காசின் மேலேயே தன் அச்சை அடித்து, உலோகத்தின் வயசு காட்டும்படி செய்தார். பிறகு அவற்றை இரும்புத்தூளோடு ஒரு பெட்டியில் போட்டு வண்டியின் அச்சாணியில் கட்டி ஊர் சுற்றிவருவாராம், குலுங்கிக் குலுங்கிப் பழசாகட்டும் என்று. அவர் வெட்டிய அச்சுகள் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போலியைப் பிடிக்கப் போலியின் அச்சே அளவுகோல்.

சுத்தியலின் ஆட்சி முடிந்தது புடைப்பு அச்சு வந்ததும். ஒரு மாதிரியிலிருந்து குழிவு அச்சுகளை அழுத்தி எடுக்கும் முறையில் ஆண்டும் அதிலேயே வந்துவிடும். ஒவ்வோர் அச்சிலும் தனியாக அடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1909 வாக்கில் இது வழக்கமானது. பிழை ஒழிந்ததா? உருமாறியது. எஃகு ஒரே அழுத்தில் முழுசாகப் பதியாது. காய்ச்சி மென்மையாக்கி மறுபடியும் அழுத்த வேண்டும். 1941 முடியும் தறுவாயில் ஓர் அச்சு முதல் அழுத்தத்தை 1941 மாதிரியிலிருந்தும் அடுத்ததை 1942 மாதிரியிலிருந்தும் வாங்கிக்கொண்டது. இரண்டுக்குள் ஒன்று. 1955ல் பிலடெல்பியாவில் இரண்டாவது அழுத்தம் சற்றே திரும்பிவிட்டது. லிங்கன் சென்ட்டில் ஆண்டும் எழுத்தும் கண்ணுக்கே தெரியும்படி இரட்டை. கலந்துவிட்ட காசுகளைப் பிரிக்க நேரமில்லை என்று இருபதாயிரத்துச் சொச்சம் காசுகளை அப்படியே வெளியே விட்டுவிட்டார்கள். அப்போது சிகரெட் எந்திரங்களில் 25 சென்ட் போட்டால் 23 சென்ட் பெட்டியோடு உறைக்குள் இரண்டு சென்ட் மீதியாக வரும். அந்த மீதியாகத்தான் அவற்றில் பல ஊருக்குள் நுழைந்தன. புகையை ஊதித் தள்ளியவர்கள் கையில் செல்வம் இருந்தது.

நம் பக்கமும் இதில் சும்மா இருக்கவில்லை. முதல் உலகப் போரின்போது 1916 முதல் 1918 வரை ஆஸ்திரேலியப் பென்னிகளைக் கல்கத்தா அடித்துக் கொடுத்தது, அடையாளம் I. அதற்குப் பிறகும் அங்குள்ள பென்னிகளில் கல்கத்தா அச்சா, லண்டன் அச்சா என்று எழுத்துக்கும் விளிம்பு மணிக்கும் உள்ள நேர்கோட்டை வைத்து ஆஸ்திரேலியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். 1918ல் பம்பாயில் பவுன் காசும் அடித்தார்கள். நகைக்கடையில் எட்டு கிராமுக்கு நாம் சொல்லும் ‘சவரன்’ அந்த ஆங்கிலக் காசின் பெயர்தான். 1918 பவுனில் ஆண்டுக்கு மேலே மண்தரையில் ஒரு குட்டி I இருந்தால் அது பம்பாய் மகன். எத்தனை I-கள் தாலியும் வளையலுமாக உருகிப் போயின என்பது ஆசாரிகளுக்கே வெளிச்சம். 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசர் அங்கியில் இருந்த யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிகிறது என்று பேச்சு கிளம்பியது. காசை நிறுத்தி, யானையைத் திருத்தி, 1912ல் புதிதாக விட்டார்கள். அந்தப் பழைய ரூபாய்க்குப் பன்றி ரூபாய் என்றே பெயர்.

இன்றைய ரூபாயில் ஆண்டுக்குக் கீழே ஒரு சின்னம் இருக்கும்: வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. ஆண்டையும் சின்னத்தையும் கணினி வழி வெட்டிய மூல அச்சே கொண்டுவந்துவிடுகிறது. சுத்தியல் பிடித்த கை எண்ணின் அடியில் இனிக் கிடைக்காது.

சரி, உங்கள் கையில் ஒரு காசு, ஆண்டெண் இரட்டையாகத் தெரிகிறது. அவசரப்படாதீர்கள். அடிக்கும் நேரத்தில் அச்சு லேசாக ஆடினாலும் இரட்டைத் தோற்றம் வரும். ஆனால் அது எண்ணின் ஓரத்தில் தட்டையான படிக்கட்டு மாதிரி, உயரம் குறைந்து, தேய்த்துத் தள்ளியதுபோல் இருக்கும். அச்சிலேயே இருமுறை விழுந்த எண்ணில் இரண்டு உருவுக்கும் உருண்ட திரட்சி உண்டு, முனைகளில் மீன் வால் போலப் பிளவு தெரியும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸும் சாய்வாக விழும் விளக்கொளியும் போதும். அதே பிளவு அதே இடத்தில் இன்னொரு காசிலும் இருந்தால்தான் அது அச்சின் வேலை. பழைய ஐந்து ரூபாய்க்கு ஐந்து லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021லேயே எச்சரித்திருக்கிறது.

இன்னும் ஒன்று. காசு கறுத்திருக்கிறது என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. முதலில் போவது கறுப்பு, அடுத்துப் போவது அந்த எண்ணின் அடியில் மயிரிழையாக நிற்கும் பழைய கோடு. பாட்டியின் ரூபாயைத் தயவுசெய்து தேய்க்காதீர்கள்.